நிலக்கடலைச் செக்கு வைக்க விரும்பும் குடியானவர்க்கு முதலும் யோசனையும் கிடைக்கும் வழி

நிலக்கடலை பிடுங்கிக் காய் ஆய்ந்து களத்தில் சேரும் காலத்தில் விலை இறங்குவதும், காய் குடியானவர் கையை விட்டுப் போன சில மாதங்களுக்குள் விலை ஏறுவதும் நெடுநாளாக யாவரும் அறிந்த விஷயம். விதையும் எருவும் இட்டு, களை எடுத்து, மழையை நம்பிக் காத்திருந்தவர் ஒருவர். காயை உடைத்துப் பருப்பாக்கி, பருப்பை ஆட்டி எண்ணெயாக்கி, எண்ணெயைப் புட்டியில் அடைத்து விற்று லாபம் அடைபவர் மற்றொருவர். இந்த லாபத்தில் ஒரு பங்கைத் தாமே பெற வேண்டும் என்னும் எண்ணம் குடியானவர்களிடையே இப்போது பரவி வருகிறது. செக்கெண்ணெயை விரும்பி வாங்குவோர் பட்டணங்களிலும் சிற்றூர்களிலும் பெருகியிருப்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

எண்ணம் நல்லதே. எனினும், இத்தொழிலில் இறங்கி நஷ்டப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் பலர் எந்திரம் கெட்டதனால் நஷ்டப்பட்டவர் அல்லர். கையிலிருந்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் எந்திரத்திலும் கட்டடத்திலும் போட்டுவிட்டு, கடலை மலிவாக வரும் காலத்தில் அதை வாங்கப் பணமில்லாமல் நின்றவர்களே அதிகம். சர்க்கார் மானியம் வரும், அதைக் கொண்டு கடலை வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி, வந்த மானியம் கையில் கிடைக்காமல் வட்டிக்காரரிடம் போனவர்களும் உண்டு. அந்நிலையில் கடைசியாக ஈடாகப் போவது நிலமே. ஆகையால் முதல் எவ்வளவு வேண்டும், அது எங்கே கிடைக்கும், எந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பவற்றைத் தொழில் தொடங்குமுன் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

எண்ணெய்க்கு முன் கிராக்கியைப் பார்க்க வேண்டும்

செக்கு வைக்கப் புறப்படுபவர் முதலில் விசாரிப்பது எந்திரத்தின் விலையை. முதலில் விசாரிக்க வேண்டியதோ எண்ணெயை யார், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பதை. தம் கிராமத்திலும் சுற்றியுள்ள நாலைந்து கிராமங்களிலும் எத்தனை வீட்டார் மாதந்தோறும் செக்கெண்ணெய் வாங்குகிறார்கள், அருகிலுள்ள டவுனில் எத்தனை கடைகள் அதை வைத்து விற்கின்றன, கடைக்காரர் ரொக்கம் கொடுப்பாரா அல்லது விற்ற பின் கொடுப்பாரா என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுதல் நலம். பிண்ணாக்கை வாங்குவோரையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். கறவை மாடு மிகுந்த ஊரில் பிண்ணாக்கு வாசலிலேயே விற்றுப்போகும்.

இவ்விசாரணைக்குச் செலவு ஒன்றும் இல்லை. நடையும் நாலு வாரப் பொறுமையுமே வேண்டும். மேலும், பின்னால் பாங்கியில் கடன் கேட்கப் போகும்போது அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இதுவே. பதிலை எழுத்தில் வைத்திருப்பவர்க்கு மரியாதை வேறு.

ஒரு கணக்கு

கணக்கின் முறையைக் காட்டும் பொருட்டு இங்கே ஓர் உதாரணம் தரப்படுகிறது. இதிலுள்ள விலைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. குடியானவர்கள் தங்கள் ஊரில் அன்றைய விலையை இவற்றின் இடத்தில் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நன்றாய்க் காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். செக்கில் ஆட்டும்போது 100 கிலோ பருப்புக்குச் சுமார் 40 கிலோ எண்ணெய் எடுக்கலாம். ஒரு லிட்டர் கடலையெண்ணெயின் எடை சுமார் 910 கிராம் ஆகையால், 40 கிலோ எண்ணெய் ஏறக்குறைய 44 லிட்டர் ஆகும்.

ஒரு செக்கில் நாளொன்றுக்கு 80 கிலோ வீதம் மாதம் 25 நாள் ஆட்டினால் 2,000 கிலோ பருப்பு செலவாகும். அதிலிருந்து 880 லிட்டர் எண்ணெயும், கழிவு போகச் சுமார் 1,160 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். பருப்பு கிலோ 110 ரூபாய் என்றால் வாங்கும் செலவு 2,20,000 ரூபாய். பிண்ணாக்கு கிலோ 45 ரூபாய் வீதம் 52,200 ரூபாய் வரும். குடும்பத்தாரின் உழைப்பு நீங்கலாக ஆட்கூலி 18,000, மின்சாரம் 4,000, புட்டி முதலியவை 7,000 ஆக மாதச் செலவு 29,000 ரூபாய். எந்திரமும் சாமான்களும் 4,00,000 ரூபாய் என்றும், அதில் 40,000 ரூபாய் கைப்பணம் போக 3,60,000 ரூபாய் கடன் என்றும், வட்டி நூற்றுக்கு 11, தவணை 5 வருஷம் என்றும் வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 7,800 ரூபாய் ஆகும். வரிகள் இதில் சேர்க்கப்படவில்லை.

இப்போது எண்ணெய் முழுவதையும் மொத்தக் கடைக்காரருக்கு லிட்டர் 230 ரூபாய்க்குக் கொடுத்தால் வரவு 2,02,400 ரூபாய். பிண்ணாக்கையும் சேர்த்து மொத்த வரவு 2,54,600 ரூபாய். பருப்பு விலையும் மாதச் செலவும் தவணையும் சேர்ந்து 2,56,800 ரூபாய் ஆகையால், மாதம் முழுதும் உழைத்து 2,200 ரூபாய் நஷ்டம். அதே எண்ணெயில் பாதியை வீடுகளுக்கு நேரே லிட்டர் 280 ரூபாய்க்கு விற்று மற்றப் பாதியைக் கடைக்கு முன்சொன்ன விலைக்குக் கொடுத்தால், தவணை போக 19,800 ரூபாய் மிச்சமாகும். செக்கு, கடலை, ஆள் யாவும் ஒன்றே. வாங்குபவர் மாறியதே வித்தியாசம். கிராக்கியை முதலில் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இந்தக் கணக்கில் லிட்டருக்கு 232 ரூபாய் 50 காசுக்குக் குறைந்து விற்றால் நஷ்டம் என்பது ஒரு எல்லை. இவ்வாறே ஒவ்வொருவரும் தம் எல்லையைக் கண்டுகொள்ள வேண்டும். பருப்பு விலை கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் மாதத்துக்கு 10,000 ரூபாய் கூடுதல் செலவாகும். எண்ணெய் நூற்றுக்கு 40 வருவதற்குப் பதில் 38 வந்தால், மொத்த விலைக்கு விற்பவர்க்கு மாதம் சுமார் 8,300 ரூபாய் குறையும். பொக்குப் பருப்பையும் ஈரப் பருப்பையும் மலிவென்று வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மாதம் 2,000 கிலோ பருப்பு வேண்டுமாயின் வருஷத்துக்குச் சுமார் 34 டன் காய் வேண்டும். ஏக்கருக்கு ஒரு டன் காய் விளைவதாகக் கொண்டாலும் 34 ஏக்கர் விளைச்சல் ஒரு செக்குக்குத் தேவை. நாலைந்து ஏக்கர் உடையவர் தம் கடலையைக் கொண்டே செக்கு நடத்திவிடலாம் என்று எண்ணுவது தவறு. அவர் பிறரிடம் வாங்கியே தீர வேண்டும். வாங்குவதற்குப் பணம் வேண்டும்.

கூலிக்கு ஆட்டித் தொடங்குதல்

பணம் குறைந்தவர்க்குத் தகுந்த ஆரம்பம் கூலிக்கு ஆட்டுவதே. அண்டையிலுள்ளவர் தம் வீட்டுக் கடலையையோ எள்ளையோ கொண்டுவந்து, ஆட்டிய எண்ணெயையும் பிண்ணாக்கையும் தாமே எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார்கள். சரக்கு வாங்கப் பணம் தேவையில்லை. விற்காமல் தேங்கும் என்ற பயமும் இல்லை. லாபம் குறைவாயினும், செக்கின் பழக்கம் கைக்கு வரும். எண்ணெயின் ருசியைச் சுற்றுப்புறத்தார் அறிவார்கள். ஒரு வருஷம் இவ்வாறு நடத்தி, வருவோர் தொகையைக் கணக்கில் எழுதி வைத்தவர், பிறகு சொந்தச் சரக்கு ஆட்டக் கடன் கேட்டால் அக்கணக்கே சாட்சியாகும்.

சரக்கின் சுத்தம்

கடலையெண்ணெயின் நற்பெயர் களத்திலேயே நிச்சயமாகிறது. ஈரம் போகக் காயாத காயில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றி அப்ளாடாக்சின் என்னும் விஷம் உண்டாகிறது. ஆலைகளில் எண்ணெயைச் சுத்தி செய்யும்போது இவ்விஷம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தச் சுத்தி இல்லை. பிண்ணாக்கில் இன்னும் அதிகமாகத் தங்கி, அதைத் தின்னும் பசுவின் பாலிலும் வந்து சேரும். ஆகையால் காயை ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாமல் உலர்த்த வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிப்பது காய்ந்ததற்கு அடையாளம். பருப்பு உடையாமலிருக்க வேண்டும் என்று காயின் மேல் தண்ணீர் தெளித்து உடைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பூஞ்சணம் பற்றுவதற்கு இதைவிட வசதி வேறில்லை. இவ்வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். கறுத்த, சுருங்கிய, பூஞ்சணம் பற்றிய பருப்பைப் பொறுக்கி நீக்கியே ஆட்ட வேண்டும்.

யோசனையும் பயிற்சியும் கிடைக்குமிடங்கள்

புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதலில் போக வேண்டிய இடம் தம் மாவட்டத்திலுள்ள மாவட்டத் தொழில் மையம். எந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன உதவி உண்டு என்பதையும், விண்ணப்பிக்கும் முறையையும் அங்கே அறியலாம். பாங்கிகளால் நடத்தப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் தொழிற்பயிற்சியும் கணக்கெழுதும் பயிற்சியும், தங்குமிடம் உணவு உட்பட, கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. கர்நாடகத்தில் உஜிரே என்னும் ஊரில் 1982இல் தொடங்கிய ஒரு நிலையத்தை மாதிரியாகக் கொண்டு இவை நாடெங்கும் ஏற்பட்டன.

உணவுப் பொருளைப் பதப்படுத்தும் முறை, கெடாமல் வைக்கும் முறை, அடைக்கும் முறை இவற்றில் யோசனை வேண்டுவோர் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தையும் நாடலாம். தஞ்சை நிறுவனம் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக இருந்து வளர்ந்தது. சொந்த எந்திரம் வாங்குமுன் இத்தகைய நிலையத்தில் பயின்று, சரக்கைச் சிறு அளவில் செய்து, நாலு பேரிடம் கொடுத்து விற்றுப் பார்த்தல் மிகவும் அனுகூலம். சென்னை கிண்டியிலுள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் புதிதாய்த் தொழில் தொடங்குவோர்க்குப் பயிற்சி அளிக்கிறது.

அத்தியாவசியமான பதிவுகள்

உத்யம் பதிவு என்பது சிறுதொழிலுக்குரிய பதிவு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இது ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிச் செய்யத்தக்கது. பணம் கேட்பவர் எவராயினும் இடைத்தரகரே. 2025 ஏப்ரல் முதல் எந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் வருஷ விற்பனை 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாதவை குறுந்தொழில்கள் என வகுக்கப்பட்டுள்ளன. கிராமத்துச் செக்குகள் யாவும் இதில் அடங்கும்.

உணவுப் பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ பெற வேண்டும். இது விற்பனையின் அளவைப் பொறுத்தது. அந்த 14 இலக்க எண்ணைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும். சரக்கின் பெயர், நிகர அளவு, அடைத்த தேதி, அதிகபட்ச விலை, செய்தவரின் விலாசம் ஆகியவையும் இருக்க வேண்டும். எண்ணெயைத் திறந்த பாத்திரத்திலிருந்து அளந்து விற்காமல் அடைத்தே விற்க வேண்டும் என்பது பொது விதி.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. பம்புசெட்டுக்கென்று இலவசமாக வழங்கப்பட்ட இணைப்பிலிருந்து செக்கை ஓட்டலாகாது. அது விதிக்கு மாறானது. கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் நேரிடும். தொழிலுக்கென்று தனி இணைப்பு பெற்று, அதன் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் கிடைக்கும் வழிகள்

முத்ரா என்னும் கடன் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. அதில் 50,000 ரூபாய் வரை சிசு என்றும், 5 லட்சம் வரை கிஷோர் என்றும், 10 லட்சம் வரை தருண் என்றும் மூன்று பிரிவுகள் வகுக்கப்பட்டன. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்க்கு 20 லட்சம் வரை அளிக்க 2024இல் ஏற்பாடாயிற்று. கூலிக்கு ஆட்டத் தொடங்கும் ஒற்றைச் செக்குக்குக் கிஷோர் பிரிவே பெரும்பாலும் போதும்.

குடியானவர்கள் முக்கியமாய் அறிய வேண்டியது ஈடு பற்றிய விதி. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையில் கடன் கொடுக்கும்போது சொத்து ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010இல் பாங்கிகளுக்கு உத்தரவிட்டது. பாங்கிகளுக்கு நேரும் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்பதற்காக 2000ஆம் வருஷத்திலேயே ஒரு கடன் உத்தரவாத நிதி ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகையால் சிறு செக்குக்காக நிலப் பத்திரத்தைக் கொண்டு போய் நீட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஈடு கேட்கப்பட்டால் மரியாதையுடன் இவ்விதியை எடுத்துச் சொல்லி, எழுத்து மூலமாகப் பதில் பெற்று, மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிடலாம். தொழிலில் நஷ்டம் வருவது சகஜம். வந்தாலும் நிலம் மிஞ்சினால் குடும்பம் மிஞ்சும்.

மானியம் எப்போது கைக்கு வரும்

பிரதம மந்திரி உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் திட்டம் 2020இல் தொடங்கியது. திட்டச் செலவில் நூற்றுக்கு 35 பங்கு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்றும், தொழில் நடத்துபவர் குறைந்தது நூற்றுக்கு 10 பங்கு கைப்பணம் போட வேண்டும் என்றும், மீதி பாங்கிக் கடன் என்றும் அதில் ஏற்பாடு. திட்ட அறிக்கை தயாரிக்கவும் விண்ணப்பிக்கவும் உதவுவதற்கு மாவட்டந்தோறும் வள நபர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்குரிய ஊதியம் திட்டத்திலிருந்தே வழங்கப்படும். 2008இல் தொடங்கிய பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் நூற்றுக்கு 15 முதல் 35 வரை என்றும், கிராமப்புறத்தார்க்கும் பெண்கள் முதலிய சிறப்புப் பிரிவினர்க்கும் கூடுதல் என்றும் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டு சர்க்காரும் இவ்வாறான திட்டங்களை நடத்தியுள்ளது. ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கென 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் நூற்றுக்கு 35 பங்கு மானியமும் வட்டியில் 6 பங்கு சலுகையும் வைக்கப்பட்டன.

திட்டங்களின் காலவரையும் விதிகளும் அவ்வப்போது மாறுவன. ஆகையால் விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் திட்டம் நடைமுறையில் உள்ளது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்தே காரியத்தில் இறங்க வேண்டும்.

இத்திட்டங்களில் பலரும் அறியாத விஷயம் ஒன்று உண்டு. மேற்சொன்ன இரண்டு மத்திய சர்க்கார் திட்டங்களிலும் மானியப் பணம் தொழில் தொடங்குபவர் கையில் கொடுக்கப்படுவதில்லை. கடன் கொடுக்கப்பட்ட பின் அது பாங்கிக்கு வந்து தனிக் கணக்கில் வைக்கப்படும். மூன்று வருஷம் தொழில் நடந்து, கடனும் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும். இடையில் தொழில் நின்றுபோனால் மானியமும் போகும். முன்சொன்ன 4,00,000 ரூபாய் உதாரணத்தில் மானியம் 1,40,000 ரூபாய் ஆகலாம். ஆனால் அதைக் கொண்டு ஒரு மூட்டைக் கடலையும் வாங்க முடியாது. மானியம் என்பது மூன்று வருஷம் ஒழுங்காய் நடத்தியவர்க்குக் கிடைக்கும் பரிசு என்று எண்ணிக்கொள்வதே சரி. மானியம் இல்லாவிட்டாலும் கணக்குத் தேறுமா என்று பார்த்து, தேறுமாயின் மாத்திரம் தொழிலில் இறங்க வேண்டும்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரையும், மானியத்தை உத்தேசித்து விலையை உயர்த்தி எழுதும் எந்திர வியாபாரியையும் விலக்க வேண்டும். குறைந்தது மூன்று இடங்களில் விலைப்பட்டி வாங்கி ஒப்பிட்டு, அவ்வியாபாரி முன்னே விற்ற செக்கு ஓடும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும்.

சரக்கு வாங்கும் முதல்

எந்திரத்துக்கு வேண்டிய முதல் ஒரு முறை போடுவது. சரக்கு வாங்கும் முதல் வருஷந்தோறும் சுழல்வது. கடலை மலிவாய் வரும் காலத்தில் மூன்று மாதச் சரக்கு வாங்கி வைக்க வேண்டுமாயின், முன்சொன்ன கணக்கின்படி 6,000 கிலோ பருப்புக்கு 6,60,000 ரூபாய் வேண்டும். எந்திரத்தின் விலையோ 4,00,000 ரூபாய்தான். செக்கு வைப்பவர் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்திலேயே.

ஆகையால் பாங்கியில் கடன் கேட்கும்போதே எந்திரக் கடனுடன் சரக்கு வாங்கும் ரொக்கக் கடனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திட்ட அறிக்கையில் இதற்கென்று தனித் தலைப்பில் தொகை காட்டியிருக்க வேண்டும். எந்திரம் வந்து ஓடத் தொடங்கும் வரையில் தவணைக்கு அவகாசமும் கேட்கலாம். ரொக்கக் கடன் கிடைப்பது நிச்சயமாகாத வரையில் எந்திரத்துக்கு உத்தரவு கொடாதிருத்தலே விவேகம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் கிடங்கில் தம் விளைபொருளை வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறும் வசதியும் குடியானவர்க்கு உண்டு. அறுவடைக் காலத்து அவசரச் செலவுக்காகக் காயை மலிவாய் விற்காமல், கிடங்கில் வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாய் எடுத்து ஆட்டுவதற்கு இது உதவும்.

பலர் கூடிச் செய்தல்

ஒரு செக்குக்கு 34 ஏக்கர் விளைச்சல் வேண்டும் என்று மேலே கண்டோம். ஒருவரால் ஆகாத இதைப் பத்துப் பேர் கூடினால் எளிதில் செய்யலாம். நம் நாட்டுக்கு இது புதிதன்று. குடியானவர்களின் கடன் சுமையை நீக்கும் வழியைக் கண்டறிய அப்போதைய சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை நியமித்தது. ஜெர்மனி முதலிய தேசங்களில் கிராமத்தார் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்று நடத்திய சங்கங்களை ஆராய்ந்து, 1895லும் 1897லும் அவர் தம் அறிக்கையை வெளியிட்டார். 1904இல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் ஒரு நாணய சங்கம் ஏற்பட்டது.

இக்காலத்தில் அதே கருத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்னும் உருவில் வளர்ந்திருக்கிறது. 2002இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டபோது, விளைவிப்போர் பத்துப் பேர் கூடினால் கம்பெனி அமைக்கலாம் என்று இடம் ஏற்பட்டது. 2020இல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 பேர் சேர்ந்த நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்காக மூன்று வருஷத்தில் 18 லட்சம் ரூபாய் வரையிலும், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஒருவர்க்கு 2,000 ரூபாய் வீதம் 15 லட்சம் ரூபாய் வரையிலும் உதவி வகுக்கப்பட்டது. அவ்வருஷமே ஏற்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் கிடங்கு, உலர்களம் முதலியவற்றுக்கு வாங்கும் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 வருஷம் வரை வட்டியில் நூற்றுக்கு 3 பங்கு சலுகை வகுக்கப்பட்டது.

ஆயினும் உதவியைக் கருதியே கூடும் கூட்டம் உதவி தீர்ந்ததும் கலையும். கடலை விளைவிக்கும் உறுப்பினர் தம் காயை நிறுவனத்துக்கே கொடுப்பது, ஈரக் காயை யார் கொணர்ந்தாலும் தள்ளுவது, மாதந்தோறும் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பது ஆகிய மூன்று கட்டுப்பாடுகளுக்கும் சம்மதிப்பவர் மாத்திரம் சேர்ந்தால், தொகை குறைந்தாலும் காரியம் நிலைக்கும்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி

கடன் விண்ணப்பங்கள் பல பாங்கியில் தேங்குவது பணம் இல்லாமையால் அன்று, காகிதம் குறைவதால். தகப்பனார் காலமாகி வெகுநாளாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருப்பதும், பங்காளிகளின் கூட்டுப் பட்டா பிரிக்கப்படாமலிருப்பதும், சர்வே எண் தவறியிருப்பதும் அடிக்கடி காணும் குறைகள். செக்குக் கொட்டகை கட்டும் இடத்தின் பட்டாவோ குத்தகைப் பத்திரமோ தெளிவாயில்லாவிட்டால் மின் இணைப்பும் கிடைப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலர்கள் இத்தகைய குறைகளை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, பட்டா மாறுதல், அடங்கல், சாதி வருமானச் சான்று முதலியவற்றைக் காலத்தில் முடித்துக் கொடுத்தால், கடலை வாங்கும் பருவம் தவறாமல் பணம் வந்து சேரும். பங்குனியில் வர வேண்டிய கடன் ஆனியில் வந்தால் அதன் பிரயோஜனம் பாதியே. ஊராட்சித் தலைவர்கள் கிராம சபைக் கூட்டத்துக்கு மாவட்டத் தொழில் மைய அதிகாரியையும் பாங்கி மேலாளரையும் அழைத்து, நடைமுறையிலுள்ள திட்டங்களைக் குடியானவர்க்கு நேரில் விளக்கச் செய்யலாம்.

முடிவாகக் கவனிக்க வேண்டியவை

செக்கு வைக்க எண்ணும் குடியானவர் கீழ்க்கண்ட ஒழுங்கில் காரியத்தை நடத்துவது நலம்.

1. நாலு வாரம் சுற்றி விசாரித்து, எண்ணெயும் பிண்ணாக்கும் வாங்குவோரைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

2. பயிற்சி பெற்று, சிறு அளவில் செய்து விற்றுப் பார்க்க வேண்டும்.

3. தம் ஊர் விலையை வைத்து, எந்த விலைக்குக் குறைந்தால் நஷ்டம் என்ற எல்லையைக் கண்டுகொள்ள வேண்டும்.

4. பட்டா முதலிய காகிதங்களைச் சரிசெய்து, பதிவுகளைப் பெற வேண்டும்.

5. எந்திரக் கடனையும் சரக்குக் கடனையும் சேர்த்தே கேட்க வேண்டும். நிலத்தை ஈடு வைக்கலாகாது.

6. மானியத்தைக் கணக்கில் வரவாக வைக்கலாகாது.

7. வீட்டுச் செலவுக் கணக்கும் செக்குக் கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்த எண்ணெயையும் விலை போட்டு எழுத வேண்டும்.

இவ்வாறு கணக்குப் போட்டுப் பார்த்த பின், இத்தொழில் தமக்கு ஏற்றதன்று என்று ஒருவர் தீர்மானிப்பாராயின் அதுவும் லாபமே. நாலு லட்சம் ரூபாயும் நாலு வருஷ உழைப்பும் மிஞ்சின என்று கொள்ளலாம். கணக்குத் தேறுகிறது என்று கண்டவர் தைரியமாய் இறங்கலாம். அடுத்த கடலைப் பட்டத்துக்கு விதை உடைக்குமுன் இக்கணக்கைப் போட்டு முடிப்பதற்குப் போதுமான காலம் இருக்கிறது.